மரபணு எங்கே சென்று அமர்கிறது?

“எங்கள் இரு குடும்பத்திலும் இந்த நோய் இல்லையே, டாக்டர், பிள்ளைக்கு எப்படி வந்தது?” இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உறுதியானதும் பல பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் பழி தாயின் மீது விழுகிறது. நோய்க்கூறு தாய்வழி வந்திருந்தாலும் அது அவர் செய்த குற்றமன்று. மேலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்ப வரலாறே இருப்பதில்லை.

நம் திண்டுக்கல் வட்டாரத்து உழவர்கள் நன்கறிந்த மக்காச்சோளம் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. சில வகைகளின் மணிகளில் நிறப்புள்ளிகள் காணப்படும். டி.என்.ஏ. துண்டு ஒன்று தாவிச் சென்று நிற மரபணுவுக்குள் அமர்ந்தால் மணி நிறமிழக்கும்; துண்டு வெளியேறிய செல்களில் நிறம் மீளும். இதைக் கண்டறிந்த பார்பரா மெக்ளின்டாக் 1983-இல் நோபல் பரிசு பெற்றார். மனித டி.என்.ஏ.விலும் ஏறக்குறையப் பாதி இத்தகைய தாவும் துண்டுகளின் எச்சமே. 1988-இல் அமெரிக்க மருத்துவர் கசாசியனின் குழு, ஹீமோபிலியா நோயாளிகள் 240 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் இருவரின் எட்டாம் உறைகாரணி மரபணுவில் அத்தகைய துண்டு புதிதாகப் புகுந்திருந்தது. பெற்றோரிடம் அது இல்லை.

ஒரு செருகல் நோயைத் தந்ததெனில், மற்றொரு செருகல் அதை நீக்குமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 5 நோயாளிகளின் இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, வைரஸ் ஒன்றின் துணையால் உறைகாரணி மரபணுவைச் செருகி, மீண்டும் உடலில் செலுத்தினர். 2024 டிசம்பரில் வெளியான அறிக்கையின்படி, ஐவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. இது நம் மாநிலத்தின் பெருமை.

ஆயினும் அந்த வைரஸ் மரபணுவைக் குறித்த ஓரிடத்தில் வைப்பதில்லை. தவறான இடத்தில் அமர்ந்தால் புற்றுநோய் தோன்றக்கூடும் என்பதால் பல்லாண்டுக் கண்காணிப்பு தேவை. இடத்தைத் தேர்ந்து செருகும் வழியைப் பாக்டீரியாக்கள் காட்டியுள்ளன. அவற்றின் சில தாவும் துண்டுகளில், ஆர்.என்.ஏ. இழை முகவரிச் சீட்டைப் போல நொதியை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்கிறது. இது 2019-இல் தெரியவந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட மற்றொரு நொதி, டி.என்.ஏ.வைச் செருகவும் நீக்கவும் திருப்பி வைக்கவும் வல்லது. இவை இன்னும் ஆய்வுக்கூட நிலையிலேயே உள்ளன.

ஆகவே நம்பிக்கை கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள். மரபணு சிகிச்சை தருவதாகக் கூறுபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மரபணு எங்கே சென்று அமரும்? எத்தனை ஆண்டுகள் கண்காணிப்பீர்கள்? இதற்கு அரசின் ஒப்புதல் உண்டா? தெளிவான விடை கிடைக்காவிடில் திரும்பி வந்துவிடுங்கள்.

அதுவரை உறைகாரணி ஊசியைத் தவறவிடாதீர்கள். மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தராதீர்கள். மூட்டுப் பயிற்சிகளைக் கைவிடாதீர்கள். புதிய சிகிச்சை வரும் நாளில் பிள்ளையின் மூட்டுகள் நலமாக இருக்க வேண்டும். அனைத்திற்கும் மேலாக, அந்தத் தாயைப் பழிக்காதீர்கள்.