மாட்டை விற்கும் முன் பரணைப் பாருங்கள்

கேள்வி: "எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். நிலக்கடலையும் ஒரு போகம் நெல்லும் வைக்கிறோம். கிணறு ஆழப்படுத்த 60,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினோம். மாதம் 1,800 ரூபாய் வட்டி கட்டுகிறோம், அசல் அப்படியே நிற்கிறது. ஒரு கறவை மாடு இருக்கிறது. தினமும் 6 லிட்டர் கறக்கிறது. தவிடு, புண்ணாக்குக்கு நாளைக்கு 70 ரூபாய் ஆகிறது. மாட்டை 35,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். விற்று அசலில் கட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் வேண்டாம் என்கிறார். ஓடாத இன்ஜின், மாடு இல்லாத வண்டி, புகைந்துபோன மோட்டார், பித்தளை அண்டா என்று வீட்டில் பழைய சாமான்கள் நிறையக் கிடக்கின்றன. மளிகைச் செலவும் கட்டுப்படவில்லை. எதை விற்பது, எதைக் குறைப்பது?"

- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால், அது சரி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

மாட்டின் கணக்கு

மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். வருடத்துக்கு 36 சதவிகிதம். 35,000 ரூபாயை அசலில் கட்டினால் வருடத்துக்கு 12,600 ரூபாய் வட்டி மிச்சமாகும். மாட்டை வைத்திருந்தால் என்ன கிடைக்கும்? கன்று ஈன்று மாதங்கள் ஆக ஆகக் கறவை குறையும் என்பதால், வீட்டுக்கு 1 லிட்டர் போகச் சங்கத்துக்குச் சராசரியாக 4 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 35 ரூபாய் வீதம் 140 ரூபாய். தீவனச் செலவு 70 ரூபாய் போனால் மீதி 70. கறவைக் காலம் 300 நாள் என்றால் 21,000 ரூபாய். வற்றிய 65 நாளுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் வீதம் தீவனம் 2,600 ரூபாய். அதைக் கழித்தால் மிச்சம் 18,400 ரூபாய்.

ஆக, மாட்டை விற்றால் வருடத்துக்கு 5,800 ரூபாய் நஷ்டம். கன்றும், சாணமும், குழந்தைகள் குடிக்கும் பாலும் இதில் சேரவில்லை. மாட்டை விற்ற வீட்டில் அடுத்த நாள் காலையிலேயே பால் பாக்கெட் வாங்க வேண்டியிருக்கும். மாடு பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காததாகவோ, மடிநோயில் காம்பு அடைந்ததாகவோ இருந்தால் கணக்கு மாறும். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

விற்பதற்கு ஒரே விதிதான். வருமானம் தருவதை விற்கக் கூடாது. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருப்பதை வைத்திருக்கக் கூடாது. கடந்த இரண்டு வருடமாகக் கை படாத பொருள் எதுவோ அது இரண்டாவது வகை. வருடத்தில் ஒரே நாள் தேவைப்பட்டாலும், அந்த நாளில் இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் வரும் பொருளை இந்த வகையில் சேர்க்கக் கூடாது. களத்தில் கடலை காயும்போது மழை வந்தால் மூடும் தார்ப்பாய் அப்படிப்பட்டது. விதைக்கு எடுத்து வைத்த கடலையும் நெல்லும்கூட அப்படித்தான்.

எதை எப்படி விற்பது?

டீசல் இன்ஜின்: காயலான்கடையில் போட்டால் இரும்பு விலைதான். ஓட வைத்துக் காட்டினால் இன்ஜின் விலை. மின் இணைப்புக்குக் காத்திருக்கும் விவசாயிகளும், வாய்க்காலில் இருந்து தண்ணீர் இறைப்பவர்களும் பழைய இன்ஜினைத் தேடுவார்கள். சிறு பழுதுக்கு மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி விலையில் திரும்பி வரும். பெரிய பழுது என்றால் செலவு செய்யாமல் அப்படியே தள்ளிவிடுவது நல்லது.

புகைந்த மோட்டார்: உள்ளே இருப்பது செம்புக் கம்பி. இரும்போடு சேர்த்து ஒரே எடையாகப் போட்டால் செம்பு இரும்பு விலைக்குப் போய்விடும். மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுத்துச் செம்பைத் தனியாக எடுத்து, தனியாக எடை போட வேண்டும். எந்தப் பழைய உலோகத்தையும் வீட்டிலேயே ஒருமுறை எடை போட்டுக்கொண்டு, இரண்டு கடைகளில் விலை கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

மாட்டு வண்டி: விறகு விலைக்கு உடைக்க வேண்டாம். சக்கரமும் பட்டாவும் நன்றாக இருந்தால் வண்டி ஓட்டுபவர்களே வாங்குவார்கள். சாலையோர உணவகம், பண்ணை வீடு வைத்திருப்பவர்களும் அலங்காரத்துக்குத் தேடி வாங்குகிறார்கள்.

பித்தளை, செம்புப் பாத்திரம்: எடைக்கு விலை உண்டு. ஆனால், பாத்திரக் கடையில் கொடுத்துப் புது எவர்சில்வர் எடுத்து வந்தால் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது. தெருவில் வருபவரிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் குடம் வாங்குவது அதைவிட மோசம். பணமாகத்தான் வாங்க வேண்டும். அண்டா மாமியாரின் சீராக வந்தது என்றால், அவர் மனதார சம்மதித்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும். மாட்டைக் காப்பாற்ற நினைப்பவர் அவர்தான். கணக்கை அவருக்கும் சொன்னால் முடிவு எடுப்பது சுலபம்.

பழைய பட்டுப்புடவை: அசல் ஜரிகை என்றால் அதில் வெள்ளி இருக்கும். கிழிந்த புடவைக்கும் அதனால் விலை உண்டு. ஜரிகையைப் பரிசோதித்து வாங்கும் கடையில் கொடுப்பது நல்லது.

பழைய மொபெட், பைக்: ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் கொடுக்கவே கூடாது. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். இல்லையென்றால், நாளை அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மேல்தான் விழும். உடைக்கக் கொடுப்பதாக இருந்தால் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

மானியத்தில் வாங்கிய கருவிகள்: களை எடுக்கும் கருவி, தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய் போன்றவற்றுக்குக் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.

வந்த பணம் எங்கே போக வேண்டும்?

பழைய சாமான் விற்ற பணம் கைச்செலவில் கரைந்துவிடும். வந்த அன்றே வட்டி அதிகமான கடனின் அசலில் கட்டிவிட வேண்டும். எல்லாம் சேர்ந்து 25,000 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அசல் 35,000 ஆகக் குறையும். வட்டியும் 1,800-இல் இருந்து 1,050 ஆகிவிடும். மிச்சமாகும் 750 ரூபாயைச் செலவு செய்யாமல், முன்பு போலவே 1,800 ரூபாயை எடுத்து வைக்க வேண்டும். அதோடு சமையல் செலவில் மிச்சமாகும் 1,200 ரூபாயைச் சேர்த்து மாதம் 3,000 கட்டினால், 15-வது மாதத்தில் கடன் முடிந்துவிடும். எதையும் விற்காமல் அதே 3,000 ரூபாயைக் கட்டினால் 31 மாதம் ஆகும். முன்னதில் கட்டும் தவணை மொத்தம் ஏறக்குறைய 44,000 ரூபாய். பின்னதில் ஏறக்குறைய 93,000 ரூபாய். பரணில் கிடந்த 25,000 ரூபாய்ச் சாமான், கட்ட வேண்டிய தவணையில் 49,000 ரூபாயைக் குறைத்துவிடுகிறது. இப்போது போல வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், வருடத்துக்கு 21,600 ரூபாய் போயும் அசல் 60,000 அப்படியே இருக்கும்.

அசலில் கட்டும் ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். கடைசித் தவணை அன்று புரோநோட்டைத் திரும்ப வாங்காமல் வரக் கூடாது. மிரட்டி வசூலித்தால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி புகார் கொடுக்கலாம்.

அடுத்த பருவத்துக்கு விதை, உரம் வாங்க மறுபடியும் அதே வாசலுக்குப் போகாமல் இருக்க, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ கிசான் கிரெடிட் கார்டு எடுத்து வைக்க வேண்டும். வங்கியில் 3 லட்சம் ரூபாய் வரையான பயிர்க்கடனுக்கு 7 சதவிகித வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 4 சதவிகிதம்தான். கறவை மாட்டுப் பராமரிப்புக்கும் இந்த அட்டையில் கடன் உண்டு. 36 சதவிகிதத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

அடுப்படியில் 1,200 ரூபாய்

சிக்கனம் என்றதும் முதலில் குழந்தைகளின் பாலையும் முட்டையையும் பருப்பையும் குறைக்கிறார்கள். அது தவறு. குறைக்க வேண்டியது பாக்கெட்டைத்தான். இரண்டு குழந்தைகளுக்கு மாலையில் பத்து ரூபாய்ப் பாக்கெட் ஒவ்வொன்று வாங்கினால் மாதம் 600 ரூபாய். வேகவைத்த கடலை, காராமணிச் சுண்டல், கடலையும் வெல்லமும் கொடுத்தால் 150 ரூபாய்க்குள் முடியும். மிச்சம் 450. வாரம் இரண்டு பாக்கெட் இட்லி மாவு வாங்குவதை நிறுத்தி, ரேஷன் அரிசியில் வீட்டிலேயே அரைத்தால் சுமார் 250 மிச்சம். சந்தையில் வாரம் 250 ரூபாய்க்குக் காய்கறி வாங்கும் வீட்டில், கிணற்றடியில் ஒரு சென்ட் தோட்டம் போட்டால் பாதி குறையும். அது மாதம் 500. மொத்தம் 1,200 ரூபாய்.

ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை ஒருமுறை விதைத்தால் பலமுறை அறுக்கலாம். கத்தரி, வெண்டை, மிளகாய் தலா பத்துச் செடி போதும். வேலியில் அவரையும் பீர்க்கனும் ஏற்றலாம். ஓரத்தில் ஒரு பி.கே.எம்.-1 முருங்கை வைத்தால் ஆறு மாதத்தில் காய்க்கும். வயல் வரப்பில் உளுந்தும், கடலைக்குள் ஊடுபயிராகத் துவரையும் போட்டால் வருடத்துப் பருப்பில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்துவிடும்.

சமையலைப் பொறுத்தவரை, மூன்று வேளையும் அடுப்பு எரிய வேண்டியதில்லை. காலையில் ராகிக் கூழ் அல்லது பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். மதியம் சோறு, ஒரே ஒரு குழம்பு, ஒரு கீரை. இரவு களி அல்லது இட்லி, கடலைச் சட்னி. இது ஏழைச் சாப்பாடு என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். துவரம் பருப்புக்குச் சமமானது, விலையோ குறைவு. தானியத்தில் குறையும் லைசின் என்ற சத்து பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவது தானியத்தில் இருக்கிறது. அதனால்தான் களிக்குக் கொள்ளுக் குழம்பும், சோற்றுக்குச் சாம்பாரும் பொருந்துகின்றன. கொள்ளு, மொச்சையை முதல் நாள் இரவே ஊறவைத்தால் எரிவாயுவும் மிச்சமாகும்.

சொந்தக் கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தால் எப்போதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். 40 கிலோ காயில் சுமார் 28 கிலோ பருப்பு கிடைக்கும். செக்கில் ஆட்டினால் 11 கிலோ அளவுக்கு எண்ணெயும், சுமார் 15 கிலோ புண்ணாக்கும் வரும். அன்றைய கடலை விலையோடு ஆட்டுக்கூலியைக் கூட்டி, புண்ணாக்கு விலையைக் கழித்தால் எண்ணெயின் அடக்க விலை தெரியும். கடையில் கடலை எண்ணெய் வாங்கும் வீட்டுக்கு இது லாபமாக இருக்கும். ரேஷன் பாமாயிலில் பாதிச் சமையலை முடிக்கும் வீட்டில், கடலை விலை ஏறியிருக்கும்போது காயாக விற்பதே மேல். மாடு இருக்கும் வீட்டில் புண்ணாக்கின் மதிப்பையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

கேள்வி: "பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பூச்சிமருந்து பாட்டில்களும், காலி டப்பாக்களும் கிடைத்தன. காயலான்கடையில் போடலாமா?"

- ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: கூடவே கூடாது. காலி டப்பா கைமாறித் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கும் பாத்திரமாகிவிடும். மருந்து தீர்ந்த உடனேயே டப்பாவை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றித் தெளித்துவிட வேண்டும். பிறகு டப்பாவில் ஓட்டை போட்டு, யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆக்க வேண்டும். காலாவதியான மருந்தைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. அதைப் பூட்டி வைத்து, வாங்கிய கடைக்காரரிடமும் வேளாண்மை அலுவலரிடமும் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும் வழியில் அகற்ற வேண்டும்.

கேள்வி: "விதைத்தது போகக் கொஞ்சம் உளுந்து விதை மீந்திருக்கிறது. மருந்து கலந்த விதை. நன்றாகக் கழுவிச் சமைக்கலாமா?"

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: சமைக்கக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் மருந்து முழுமையாகப் போகாது. கோழிக்கோ மாட்டுக்கோ கூடப் போடக் கூடாது. சாயம் ஏறிய விதை என்றாலே மருந்து கலந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். மீந்த விதையை வரப்பில் ஊன்றிவிடலாம். அடுத்த முறை தேவையான அளவுக்கு மட்டும் மருந்து கலந்தால், மீதி உளுந்து இட்லி மாவுக்கு ஆகும்.