உட்காரும் உரிமை: இருக்கை போட்டால் மட்டும் போதாது
கடை ஊழியர் சங்கத்தின் நிலைப்பாடு

ஜவுளிக் கடையோ, நகைக் கடையோ, சூப்பர் மார்க்கெட்டோ, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர் உட்காரலாம். அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உட்கார்ந்ததற்காகத் திட்டுவதையும் சம்பளத்தில் பிடிப்பதையும் எங்கள் சங்கம் ஏற்காது.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்பதோடு அந்தப் பிரிவு முடிந்துவிடவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும், நாள் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை கூடாது என்றும் சொல்கிறது. இந்தப் பின்பாதிதான் பல கடைகளில் ஏட்டோடு நிற்கிறது. கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கும். அதன்மேல் அட்டைப்பெட்டி இருக்கும். கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் கூப்பிடுவாரோ என்ற பயத்தில், பெட்டியை நகர்த்த யாருக்கும் கை வராது.

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலேற கெண்டைக்கால் தசை அசைய வேண்டும். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் தேங்குகிறது, கால் வீங்குகிறது, நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. குதிகால் வலியும் இடுப்பு வலியும் கூடவே வருகின்றன. கர்ப்பிணிகளுக்கும் மாதவிடாய் நாட்களில் இருப்பவர்களுக்கும் இது இரட்டைத் தண்டனை. கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, சிறுநீர்த் தொற்றோடு வேலைக்கு வரும் பெண்கள் எங்கள் உறுப்பினர்களில் உண்டு. இருபது வயதில் வாங்கிய நோயை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டுமா?

கேரளத்தில் இந்தப் போராட்டம் கழிப்பறையில்தான் தொடங்கியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் முதலில் கேட்டது அதைத்தான். பிறகு இருக்கை கேட்டார்கள். 2018-இல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அடுத்து வந்தது. கழிப்பறையையும் இருக்கையையும் நாங்களும் ஒன்றாகவே கேட்கிறோம்.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று முதலாளிகள் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பழைய ஜவுளிக் கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்துதான் புடவை பார்த்தார்கள். யாருடைய மரியாதையும் அதில் குறைந்துவிடவில்லை.

உட்காரலாம் என்பதை ஒவ்வொரு தளத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு சட்டம் தரும் ஒரு மணி நேர இடைவேளையை ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி நெருக்கடியிலும் வெட்டக் கூடாது. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் நாற்காலிகளை எண்ணிவிட்டுப் போகாமல், கூட்டம் நிறைந்த ஒரு மாலையில் வந்து, மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது ஊழியரிடம் கேட்க வேண்டும்.

உட்கார்ந்ததற்காக எங்கள் உறுப்பினர் எவரையாவது வேலையை விட்டு நிறுத்தினால், வழக்கைச் சங்கமே நடத்தும், செலவும் சங்கத்துடையது.