பர்கர் கடையும் பந்தி பேதமும்

பழவேற்காடு ஏரியை அடுத்த பசியாவரம் போன்ற மீனவர் ஊர்களிலிருந்து சென்னைக்குப் படிப்புக்கும் வேலைக்கும் போய்வரும் வாலிபர்களுக்குள் இப்பொழுது ஒரு புது வாதம் கிளம்பியிருக்கின்றது. மேல்நாட்டு மாதிரியில் நடக்கும் பர்கர் கடைகளுக்குப் போகலாமா, கூடாதா என்பதே அவ்வாதம். போவதுதான் நாகரிகம் என்கின்றார்கள் சிலர். போனால் நமது பண்பாடு கெட்டுவிடும் என்கின்றார்கள் வேறு சிலர். நம்மைக் கேட்டால், இவ்விரு கட்சியாரும் விஷயத்தை விட்டுவிட்டு ரொட்டியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றார்கள் என்றே சொல்லுவோம்.

முதலில் பண்பாட்டுக்காரர்களைக் கேட்போம். அன்னியர் பண்டம் ஆகாது என்கின்றீர்களே, உங்கள் மீன் குழம்பில் கரைத்திருக்கும் மிளகாய் எந்த ஊர்ச் சரக்கு? அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-இல் கொலம்பஸ் அக்கண்டத்திற்குப் போன பிறகு, போர்த்துகீசியக் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்து இறங்கிய சரக்கு. தக்காளியும் உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்தில் பிறந்தவைதான். பழவேற்காட்டுக் கரையிலேயே 1613-இல் டச்சுக்காரர் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. இப்படி அன்னியர் வந்துபோன கரையில் நின்றுகொண்டு, மிளகாய்க்குக் கெடாத பண்பாடு ரொட்டிக்குக் கெட்டுவிடும் என்றால் அதை யார் நம்புவது?

இனி நாகரிகக்காரர்களைக் கேட்போம். பர்கர் என்பதில் என்ன அதிசயம் இருக்கின்றது? இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் கொத்துக்கறி. ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் பட்டணத்தின் பெயரால் அமெரிக்காவில் பரவிய பண்டம் அது. 1921-இல் விச்சிட்டா நகரத்தில் வெள்ளைக்கோட்டை என்று பொருள்படும் பெயரில் திறந்த கடையில் அதன் விலை 5 சென்ட்டு. மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-இல் சான் பெர்னார்டினோ நகரத்தில் தங்கள் கடையை மாற்றியமைத்தபோது, பரிமாறும் ஆட்களை நீக்கினார்கள்; கழுவ வேண்டிய தட்டையும் கரண்டியையும் நீக்கினார்கள்; காகிதத்தில் சுற்றி 15 சென்ட்டுக்கு விற்றார்கள். வேலைக்குப் போகும் ஏழை எளியவர் அவசரத்திற்கு நின்றபடி தின்னும் பண்டம் நம் நாட்டுக்கு வந்ததும் கண்ணாடி மாளிகை ஏறிக் கனவானாகிவிட்டது! ஆகவே அதைத் தின்றதால் மட்டும் ஒருவன் நாகரிகனாகிவிட மாட்டான். தின்னாததால் ஒருவன் பட்டிக்காட்டானும் ஆகிவிட மாட்டான்.

அப்படியானால் இதைப்பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கின்றது. சில மாதங்களுக்கு முன் பசியாவரத்து வாலிபத் தோழர்கள் மூவருடன் சென்னையில் இம்மாதிரிக் கடையொன்றுக்கு நாமும் போனோம். கண்ணாடிக் கதவண்டை போனதும் ஒரு தோழர் தயங்கி நின்று, "அண்ணா, செருப்பை வெளியே விட்டுட்டுப் போகணுமா?" என்று கேட்டார். இன்னொருவர், "மேலெல்லாம் மீன் கவுச்சி அடிக்குமேண்ணா, உள்ளே ஏ.சி. ஆச்சே" என்றார்.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் பர்கர் கடைக்காரன் பொறுப்பாளியல்லன். பளபளப்பான இடத்தைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டிக்கொண்டு நுழைய வேண்டும் என்று பழக்கி வைத்தது கோயில். மீன் பிடிக்கின்றவனைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவனே வெட்கப்படும்படி செய்து வைத்தது ஊர். மீனைத் தின்னும்போது மணக்கின்றதாம். அதைப் பிடித்தவன்மேல் நாறுகின்றதாம்! இந்த நியாயத்தை எந்தச் சாஸ்திரி வேண்டுமானாலும் வந்து விளக்கட்டும். பழவேற்காட்டுச் சேற்று நண்டு உயிரோடு கட்டப்பட்டுச் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகின்றது. அதை அங்குள்ள கனவான்கள் பெரிய ஓட்டல்களில் உட்கார்ந்து ஓட்டை உடைத்துத் தின்பதற்கு வெட்கப்படுவதில்லை. நண்டு பிடித்தவன் மாத்திரம் ரொட்டிக் கடைக்குள் நுழைய ஏன் வெட்கப்பட வேண்டும்?

மூவரும் செருப்போடேயே உள்ளே வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. விலைப் பலகை முழுவதும் இங்கிலீஷில் இருந்தது. படித்த தோழர் மற்றவர்களுக்கு வாசித்துச் சொன்னார். தமிழ்நாட்டில் தமிழனிடம் காசு வாங்குகின்றவன் தமிழில் நாலு எழுத்து எழுதி வைத்தால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று தெரியவில்லை. நால்வருக்கும் தொள்ளாயிரத்துச் சில்லறை ஆயிற்று. மீன் பர்கரை ஒரு கடி கடித்த தோழர், "மாவு இருக்கு, மீன் எங்கேண்ணா?" என்றார். ஏரி மடவையும் கொடுவாவும் தின்று வளர்ந்த நாக்கை ஏமாற்ற முடியுமா?

ஆனால் ஒரு சங்கதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் முன்னால் நின்றவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களை யாரென்று அவருக்குத் தெரியாது. வந்த வரிசைப்படி நின்றோம். எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே தட்டு, ஒரே மேஜை. எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ரொட்டியையல்ல, இந்த வரிசையைத்தான்.

இதைக் கண்டு, ஆகா, மேல்நாட்டான் வந்து நமக்குச் சமத்துவம் கொடுத்துவிட்டான் என்று கும்பிடப் போக வேண்டாம். அந்த அமெரிக்காவின் யோக்கியதையையும் பாருங்கள். வடக்குக் கரோலினாவைச் சேர்ந்த கிரீன்ஸ்பரோ பட்டணத்தில் உல்வொர்த் என்ற கடையிருந்தது. அதில் கறுப்பு மனிதர் காசு கொடுத்துச் சாமான் வாங்கலாம். ஆனால் அதே கடையின் சிற்றுண்டி மேடையில் உட்கார்ந்து ஒரு கோப்பைக் காப்பி குடிக்கக் கூடாது. 1960-ஆம் வருஷம் பிப்ரவரி 1-ந்தேதி கறுப்பு மாணவர்கள் நால்வர் அந்த மேடையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை, அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். கிளர்ச்சி ஊர் ஊராய்ப் பரவிற்று. ஜூலை மாதத்தில்தான் அக்கடைக்காரன் இறங்கி வந்தான். 1964-இல்தான் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. எனவே ரொட்டி சமத்துவம் கொடுக்கவில்லை. எழுந்திருக்க மறுத்த மனிதர்களே வாங்கினார்கள்.

இங்கும் கதை அதுதான். காங்கிரஸ் பணமும் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று 1920-களில் எழுந்த சண்டையை வாசகர்கள் அறிவார்கள். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனியிடம் என்பது 1941-இல்தான் ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் துவக்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்து, நூற்றுக்கணக்கான பேர் கைதான பிறகே, அந்த ஓட்டல் போர்டிலிருந்து "பிராமணாள்" என்ற எழுத்து 1958-இல் இறங்கிற்று. அப்படி அடைபட்டவர்கள் சம்பாதித்து வைத்த உரிமையில்தான் இன்று நாம் வரிசையில் நின்று ரொட்டி வாங்குகின்றோம்.

போர்டு இறங்கிவிட்டதே, இன்னும் என்ன என்பீர்களானால், 2018-இல் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் சாப்பாட்டு விடுதியில் மரக்கறி உண்பவருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று எழுதி ஒட்டினார்கள். கண்டனம் கிளம்பிய பின் கிழித்தார்கள். 2024 மார்ச்சில் ஜொமாட்டோ கம்பெனி மரக்கறிச் சாப்பாடு கொண்டுபோகத் தனிக்கூட்டம், அதற்குப் பச்சைச் சட்டை என்று விளம்பரம் செய்து, மறுநாளே சட்டையை வாபஸ் வாங்கிற்று. மரக்கறி தின்பவன் தன் பண்டத்தில் மாமிசம் கலக்கக் கூடாது என்று கேட்பது நியாயமே. 1996-இல் டில்லியில் முதற்கடை திறந்த மெக்டொனால்டு கம்பெனி மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் விற்காமல், அடுப்படியில் மரக்கறிக்குத் தனிப்பக்கம் ஒதுக்கியது வியாபாரியின் கணக்கு. நாம் கேட்பதெல்லாம், பண்டத்தைப் பிரிப்பதோடு நில்லாமல் மனிதனைப் பிரிக்க ஏன் கிளம்புகின்றீர்கள் என்பதுதான்.

பட்டணம் இப்படியென்றால் கிராமத்தைக் கேட்க வேண்டுமா? 2022 செப்டம்பரில் தென்காசி ஜில்லா பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த ஆதிதிராவிடர் வீட்டுச் சிறு குழந்தைகளிடம், உங்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பியனுப்பினான் ஒரு கடைக்காரன். அந்தக் குழந்தைகள் கையில் காசு இல்லையா? இருந்தது. பண்பாட்டுக்காரர்களே! பர்கர் கடை நமது பண்பாட்டைக் கெடுக்கின்றது என்கின்றீர்களே, அது கெடுப்பது இந்தப் பண்பாட்டையானால் தெருவுக்கு ஒன்று திறக்கட்டும் என்போம்.

நிற்க. உடம்பையும் காசையும் கவனிக்க வேண்டாமா என்று கேட்டால், அவசியம் கவனிக்க வேண்டும். மைதா ரொட்டியும், எண்ணெயில் பொரித்ததும், உப்பும், சர்க்கரைத் தண்ணீருமாகச் சேர்ந்ததை எப்போதோ ஒருநாள் ருசி பார்ப்பது வேறு. தினப்படி ஆகாரமாக்கிக் கொள்வது வேறு. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸ் என்ற வெண்ணிறக் குழைவில் விஷக்கிருமி உண்டாகின்றதென்று தமிழ்நாடு சர்க்காரே 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. ஏரியில் பகலெல்லாம் நின்று சம்பாதித்த காசை ஒரு வேளை ரொட்டிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் கடன் வாங்குவதும் அறிவாகாது. போகலாமா, கூடாதா என்பதை விலையும் உடம்பும் நாக்கும் தீர்மானிக்கட்டும். பயமும் வெட்கமும் பெருமையும் தீர்மானிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். அந்தக் கடைகளில் தின்று முடித்தவர் தம் தட்டைத் தாமே எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு வைக்கும்படி ஏற்பாடு இருக்கின்றது. கூலி மிச்சம் பிடிக்க முதலாளி கண்டுபிடித்த வழியானாலும், வழி நல்ல வழி. ஆனால் நாம் போன கடையில் பெரும்பாலோர் எச்சிலை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஒரு பெண் வந்து அள்ளிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் பேசுகின்றார்கள், மேல்நாட்டு ரொட்டி தின்கின்றார்கள். எச்சில் எடுப்பதற்கு மாத்திரம் வேறொரு பிறவி இருப்பதாக எண்ணுகின்றார்கள். மற்றவர் உண்ட எச்சிலிலையில் உருளுவதைப் புண்ணியமென்று நம்பும் நாடல்லவா இது! கரூர் ஜில்லா நெரூரில் அவ்வழக்கத்தை 2015-இல் ஐகோர்ட்டு தடுத்தது. 2024-இல் ஒரு நீதிபதி மறுபடி அனுமதித்தார். 2025-இல் இரு நீதிபதிகள் சேர்ந்து அவ்வனுமதியை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

ஆகையால் பசியாவரத்து வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பட்டணத்திலிருந்து ஊருக்கு ரொட்டியைக் கொண்டுவர வேண்டாம்; அந்த வரிசையைக் கொண்டுவாருங்கள். ஊர்க் கலியாணத்திலும் காரியத்திலும் முதற் பந்தி, கடைசிப் பந்தி, தனிப் பந்தி என்பதை ஒழித்து, வந்தவர் வந்தபடி உட்காரச் செய்யுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் சொந்த வீட்டைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, கூடை சுமந்து, மீன் விற்று, வந்து சோறாக்கிப் போடும் உங்கள் தாயும் மனைவியும் தங்கையுமே, நீங்கள் தின்று எழுந்த தட்டையும் எடுக்கின்றார்கள். கடையில் யாரோ ஒருவன் உங்களைத் தாழ்வாய்ப் பார்த்தால் சுயமரியாதை போயிற்று என்கின்றீர்களே, வீட்டில் அவர்கள் சுயமரியாதை எங்கே போயிற்று?

இன்று இரவு சாப்பிட்டு எழுந்ததும் உங்கள் எச்சில் தட்டை நீங்களே எடுத்துக் கழுவி வையுங்கள். அதற்குத் தொள்ளாயிரம் ரூபாய் வேண்டியதில்லை. சென்னைக்கு ரயிலேறவும் வேண்டியதில்லை.