அட்டையில் வந்த அன்பு

தரமணியில் இருக்கும் என் பெரியம்மாவைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை சென்றிருந்தேன். பெரியம்மாவின் முகத்தில் சுரத்தில்லை. மேஜை மேல் ஓர் அழைப்பிதழ் கிடந்தது.

"எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஆண்டு நிறைவாம். கதவடியிலே அட்டையைச் செருகிட்டுப் போயிருக்கா அந்தப் பெண். நாலடி எடுத்து வெச்சு, 'அவசியம் வரணும்'னு வாயாலே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் போகப் போறதில்லே!"

அட்டையைப் பார்த்தேன். 'கார்டியலாக' அழைக்கிறோம் என்று ஆங்கிலத்தில் பொன் எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று பெரியம்மா கேட்டாள்.

"மனமார அழைக்கிறோம் என்று அர்த்தம்."

"மனசு எங்கே வந்தது? காகிதம்தானே வந்தது!"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் அதே தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்த புத்தகங்களைக் கொண்டு 1994இல் உருவான நூலகம் அது. அங்கே உட்கார்ந்து அகராதிகளைப் புரட்டினேன்.

லத்தீன் மொழியில் 'கோர்' என்றால் இருதயம். அதிலிருந்து வந்ததுதான் கார்டியல். இருதய வைத்தியரை 'கார்டியாலஜிஸ்ட்' என்கிறோமே, அந்தச் சொல் கிரேக்கத்துச் சகோதரி வழியாக வந்தது. துணிவைக் குறிக்கும் 'கரேஜ்', இணக்கத்தைக் குறிக்கும் 'கான்கார்ட்', ஏன், நம் வீட்டுப் பாட்டு 'ரெக்கார்டு' கூட இதே குடும்பந்தான். ஒன்றை மறுபடி நெஞ்சுக்குக் கொண்டு வருவது ரெக்கார்டு! நாம் சொல்லும் 'சிரத்தை'யும் இந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவு என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். நெஞ்சை ஒன்றின்மேல் வைப்பதுதான் சிரத்தை.

வேடிக்கை என்னவென்றால், கார்டியல் என்பது ஆதியில் மருந்து! இருதயத்துக்குத் தெம்பு தரும் மருந்தை அப்படி அழைத்தார்கள். பொன்னைக் கூட அந்த மருந்தில் சேர்த்தார்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாஸர், தம் கதையில் வரும் வைத்தியர் பொன்னின் மேல் அத்தனை பிரியம் வைத்ததற்கு இதுதான் காரணம் என்று கேலி செய்கிறார்.

நாளடைவில் மருந்து பானமாயிற்று. 1867இல் ஸ்காட்லாந்துக்காரரான லாக்லன் ரோஸ், எலுமிச்சைச் சாற்றை மதுவுக்குப் பதில் சர்க்கரை சேர்த்துக் கெடாமல் வைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். கப்பலில் மாதக்கணக்கில் போகிறவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும் வியாதி வராமலிருக்க அந்தச் சாறு தேவைப்பட்டது. 'லைம் கார்டியல்' பிறந்த கதை இது.

பிறகு அந்தச் சொல் ராஜாங்க உடை உடுத்திக்கொண்டது. நெடுங்காலம் மோதிக்கொண்ட பிரிட்டனும் பிரான்சும் 1904இல் எகிப்து, மொராக்கோ முதலிய தகராறுகளைத் தீர்த்துக்கொண்டன. அந்த உடன்பாட்டின் பெயரிலும் கார்டியல் உண்டு. இப்போதோ, தலைவர்களின் பேச்சு 'கார்டியலாக' நடந்தது என்று பத்திரிகையில் வந்தால், சண்டை வரவில்லை என்பதற்கு மேல் நாம் எதுவும் எதிர்பார்ப்பதில்லை!

அன்பைச் சொல்ல ஆங்கிலேயர் உஷ்ணத்தைத் தேடுகிறார்கள்; குளிர் தேசத்துக்காரர்கள். நமக்கு வெயில் போதும். ஆகையால் நாம் மனம் குளிர வரவேற்கிறோம்; வயிறு குளிர வாழ்த்துகிறோம்; நல்லவரை நெஞ்சில் ஈரமுள்ளவர் என்கிறோம். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று முன்பின் தெரியாதவர் கையில் மோரும் பானகமும் கொடுக்கிறார்களே, அதைவிடச் சரியான கார்டியல் எந்த அகராதியில் இருக்கிறது?

இதையெல்லாம் அன்று மாலையே பெரியம்மாவிடம் சொன்னேன். மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், எழுந்து உள்ளே போனாள். வெல்லம் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, ஒரு செம்பு நிறையப் பானகத்துடன் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அந்தப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். 2000ஆம் ஆண்டில் டைடல் பார்க் வந்த பிறகு தரமணிப் பக்கம் பெருகிய கம்பெனிகளில் ஒன்றில் அவளுக்கு இரவு வேலை. "வீட்டுக்கு வர ராத்திரி ரெண்டு மணி ஆயிடுத்து, மாமி. அந்த நேரத்திலே உங்களை எழுப்ப மனசு வரலே. காலையிலே கண்ணிலே படட்டும்னு அட்டையை மட்டும் செருகினேன். கோபமா?" என்றாள்.

பெரியம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தன் தூக்கத்தைக் கலைக்கக் கூடாதென்று இன்னொருத்தி நினைத்ததையல்லவா, மூன்று நாளாக அவமரியாதை என்று எண்ணிப் புழுங்கியிருந்தாள்!

"கோபமும் இல்லே, ஒண்ணும் இல்லே. முதல்லே இதைக் குடி" என்று செம்பை நீட்டினாள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுக் கதவடியிலும் அப்படி ஓர் அட்டை கிடந்தால், கோபித்துக்கொள்ளுமுன் எதிர்க் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அட்டை அடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த நாளாவது நாலடி நடந்து போய் அழைத்துவிடுங்கள்.