விடுபட்ட ஏடும் கொடுவா மீனும்

பழஞ்சுவடி ஒன்றில் சில ஏடுகள் இல்லையெனில் அவை தொலைந்துவிட்டன என்றே முதலில் கருதுகிறோம். கிடைக்கும் பிற பிரதிகளிலும் அதே பகுதி இல்லையென்றால் கருத்தை மாற்றிக்கொள்கிறோம். தமிழ் பயின்ற நாம் நன்கறிந்த இப்பதிப்பு நெறி, மீனின் மரபணுத் தொகுதியை வாசிப்போருக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

2011ஆம் ஆண்டு நார்வே ஆய்வாளர்கள் அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத் தொகுதியை வெளியிட்டனர். ஈரல் எண்ணெயின் வழியாக நம்மூர் மருந்துக்கடை வரை அறிமுகமான மீன் அது. உடலுள் புகுந்த பாக்டீரியாவின் துணுக்கை உதவிச் செல்களுக்குக் காட்டி, எதிர்ப்பொருள் உருவாகத் தூண்டுபவை எம்.எச்.சி. இரண்டாம் வகை மரபணுக்கள். முதுகெலும்பிகளின் நோயெதிர்ப்புக்கு இன்றியமையாதவை எனக் கருதப்பட்ட அவை காட் மீனில் இல்லை. வாசிப்பில் நேர்ந்த பிழையோ என்ற ஐயம் இயல்பானதே. 2016இல் 66 மீனினங்களைப் புதிதாக வாசித்து ஒப்புநோக்கிய ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. காட் மீனின் உறவினங்கள் அனைத்திலும் அதே வெற்றிடம் காணப்பட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவற்றின் பொது மூதாதை இழந்த பகுதி அது. காட் மீனில் முதல் வகை மரபணுக்கள் பல்கிப் பெருகியுள்ளன. கடலில் அது நோயால் நலிந்துவிடவும் இல்லை.

எலிக்கும் மனிதருக்கும் எழுதிய உரையை மீனுக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதே இதன் பொருள். ஒரு மீனுக்கு எழுதியதை இன்னொரு மீனுக்குப் பொருத்துவதும் அவ்வாறே.

காஞ்சிபுரத்தாருக்குக் கடல் தொலைவாகத் தோன்றலாம். ஆயினும், 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை முட்டுக்காடு நம் மாவட்டத்து ஊரே. அங்குள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில், 1997இல் கொடுவா மீன் பண்ணைச் சூழலில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. கொடுவாக் குஞ்சுகளின் மூளையையும் கண்ணையும் தாக்கிக் கூட்டமாக மடியச் செய்வது நோடா வைரஸ். அதற்கெதிரான தடுப்பூசியையும் அந்நிறுவனம் உருவாக்கியுள்ளது.

கொடுவாவின் மரபணுத் தொகுதி 2016இல் சிங்கப்பூர் ஆய்வாளர்களின் தலைமையில் வெளிவந்தது. இந்தியப் பகுதி, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா - பாப்புவா நியூகினி என மூன்று கிளைகளாக இம்மீன் பிரிந்திருப்பதை அவ்வாய்வே காட்டியது. ஆகவே நம் கழிமுகங்களின் கொடுவா தனியொரு பாடம். அதன் நோயெதிர்ப்பை அயல்நாட்டுப் பிரதியைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள முயல்வது போதாது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2023இல் மத்தி மீனின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. இத்தகைய வாசிப்பு இங்கேயே இயலும் என்பதற்கு அது சான்று.

சோற்றுக்குக் குழம்பாகும் மீனுக்கு இத்தனை செலவு ஏன் என்று கேட்போர் உண்டு. வாசிக்காமல் விடுவதற்கும் விலை உண்டு என்பதே நம் மறுமொழி. நோய் இன்னதென்று அறியாத பண்ணையாளர் கைக்கு எட்டுவது ஆண்டிபயாடிக். வைரஸை அது ஒன்றும் செய்யாது. குளத்து பாக்டீரியாவை மருந்துக்கு அடங்காததாக்கும். அது ஒருநாள் மனிதரையும் வந்தடையும்.

எனவே பழவேற்காடு முதல் சுந்தரவனம் வரை பல நீர்நிலைகளின் கொடுவாக்களை அரசு நிறுவனங்கள் வாசித்து ஒப்புநோக்க வேண்டும். முடிவுகள் எவரும் காணத்தக்க வகையில் வெளியாக வேண்டும். எந்தக் குஞ்சுக்கு, எந்தப் பருவத்தில், எந்தத் தடுப்பூசி என்பது பண்ணையாளருக்குத் தமிழில் சென்று சேர வேண்டும். அந்தக் கடைசிப் பணியில் தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு.