முதலில் ஊற்றும் அந்த ஒரு மடக்கு

தீபாவளி முடிந்து கிறிஸ்துமஸ் வருவதற்குள் நம் வீடுகளில் ஓர் ஒயின் போத்தலாவது வந்து சேர்ந்துவிடுகிறது. அலுவலக விருந்தின் அதிர்ஷ்டக் குலுக்கில் கிடைத்திருக்கும். அல்லது மகனின் முதலாளி கொடுத்தனுப்பியிருப்பார். வீட்டில் யாரும் தொடாவிட்டாலும் விருந்தாளிக்காக ஒருநாள் திறக்க வேண்டி வரும். அப்போதுதான் தக்கை இறுகி உட்கார்ந்திருப்பது கண்ணில் படும். கத்தி, ஸ்க்ரூடிரைவர், சப்பாத்து என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹோட்டல் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கத்தி வேண்டாம். சப்பாத்துக்குள் போத்தலை வைத்துச் சுவரில் தட்டும் வித்தை வேண்டவே வேண்டாம். கண்ணாடி உடைந்தால் கிழிவது உள்ளங்கை. பணியாளர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் மடக்குத் திருகி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1882இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வீன்கே காப்புரிமை பெற்ற கருவி அது. இன்றும் அதை மிஞ்சியதை நான் பார்க்கவில்லை.

போத்தல் கழுத்திலுள்ள வளையத்துக்குக் கீழே உறையை அறுத்து எடுங்கள். வாயைத் துடையுங்கள். திருகியின் முனையை நடுவிலிருந்து இம்மி தள்ளிக் குத்தி, நேராக நிறுத்தித் திருகுங்கள். கடைசி ஒரு சுற்று வெளியே நிற்கட்டும். முழுதும் இறக்கினால் தக்கையின் அடியைத் துளைத்துத் தூள் விழும். நெம்புகோலை விளிம்பில் பதித்துப் பொறுமையாகத் தூக்குங்கள். கடைசிக் கால் அங்குலத்தைக் கையாலேயே அசைத்து எடுங்கள். தக்கை பாதியில் முறிந்தால் திருகியைச் சாய்வாக இறக்கிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு வடிகட்டிக்கொள்ளலாம்.

ஷாம்பேனுக்கு மட்டும் திருகி ஆகாது. அதன் உள்ளழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கம்பியைத் தளர்த்தியதிலிருந்து கட்டைவிரல் தக்கையை விட்டு நீங்கக்கூடாது. போத்தலைச் சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் பிடித்து, தக்கையை இறுக்கிக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள்.

திறந்தாகிவிட்டது. உணவகத்தில் இதற்குப் பிறகு பணியாளர் விருந்து கொடுப்பவரின் கிண்ணத்தில் ஒரு மடக்கு மட்டும் ஊற்றிவிட்டுக் காத்து நிற்பார். நம்மில் பலருக்கு இந்த இடத்தில்தான் வியர்க்கும். ஏதோ பரீட்சை என்று நினைத்து அவசரமாக விழுங்கிவிட்டுத் தலையாட்டுவார்கள். அது குடிப்பவருக்கு வைக்கும் பரீட்சை இல்லை. போத்தல் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே.

தக்கையே ஒயினைக் கெடுப்பதுண்டு. சில பூஞ்சைகள் குளோரின் கலந்த சேர்மங்களோடு சேரும்போது டிசிஏ என்ற பொருள் உண்டாகிறது. 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பழவாசம் செத்துப்போய் ஈர வாடை நிற்கும்.

ஒருமுறை இளைஞர் ஒருவர், வேலை உயர்வு கிடைத்த மகிழ்ச்சியில் அப்பாவை அழைத்து வந்திருந்தார். மகன் ஒரு வாய் குடித்து “ஓகே” என்றார். அப்பா கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, “நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குதே தம்பி” என்றார் என்னிடம். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்பா, ஒயின் அப்படித்தான் இருக்கும், சும்மா இருங்க” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் முகர்ந்து பார்த்தேன். பெரியவர் சொன்னது அப்படியே சரி. “ஐயா சொல்றதுதான் சரி, வேற போத்தல் கொண்டு வர்றேன்” என்றேன். முப்பது வருடம் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவராம். மழையில் நனைந்த சரக்கை மூக்காலேயே கண்டுபிடித்த மனிதருக்கு, இதற்குத் தனிப் படிப்பு எதற்கு?

இந்தத் தொல்லை வேண்டாமென்று 2000இல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஒயின் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுகூடித் தங்கள் ரீஸ்லிங் ஒயினுக்குத் திருகுமூடி போட்டார்கள். ஆகவே திருகுமூடி என்றால் மட்டமான சரக்கு என்று எண்ண வேண்டாம். தக்கையையும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். போர்ச்சுகலில் தக்கை ஓக் மரத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகும்போதுதான் முதல்முறை பட்டை உரிக்கிறார்கள். பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. ஒயினுக்கு ஏற்ற பட்டை கிடைப்பது மூன்றாவது உரிப்பிலிருந்துதான். அதாவது மரத்துக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். மரத்தை வெட்டுவதில்லை, பட்டை மீண்டும் வளர்கிறது.

அடுத்த முறை உங்கள் கிண்ணத்தில் அந்த ஒரு மடக்கு விழும்போது அவசரப்படாதீர்கள். முகருங்கள். ஈர அட்டை, பூசணம் பிடித்த துணி போல இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். நல்ல உணவகம் மாற்றித் தரும். சுவை பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் திருப்பக்கூடாது. மேசையில் குடிக்காதவர் இருந்தால் அவரை வற்புறுத்தவும் கூடாது. காசு கொடுப்பவர் நீங்கள், மூக்கும் உங்களுடையது. இரண்டையும் நம்பலாம்.