மெஹ்ரியை ஏன் மறந்தோம்?

மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபொலிஸ்' குறித்து நம் இலக்கியக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் முக்காடு, புரட்சி, போர் ஆகிய மூன்று சொற்களுக்குள் உரை முடிந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டு முதல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து, பின்னர் விடியல் பதிப்பகத்தின் வழியே தமிழுக்கும் வந்த சித்திர நாவல் அது. அதில் மெஹ்ரி என்றொரு பெண் இருக்கிறாளே, அவளைப் பற்றி ஏன் எவரும் பேசுவதில்லை?

எட்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து மர்ஜியின் வீட்டுக்கு வேலைக்கு வந்தவள் மெஹ்ரி. பக்கத்து வீட்டு இளைஞன்மீது காதல் கொள்கிறாள். எழுத்தறியாத அவளுக்காகக் கடிதங்களை எழுதித் தருபவள் சிறுமி மர்ஜி. தன்னை மர்ஜியின் சகோதரி என்றே அவனிடம் சொல்லியிருக்கிறாள் மெஹ்ரி. இடதுசாரிச் சிந்தனையுள்ள மர்ஜியின் தந்தை, அவள் வேலைக்காரி என்ற உண்மையை அவனுக்குத் தெரிவிக்கிறார்; காதல் அத்தோடு அறுபடுகிறது. அழுதுகொண்டிருக்கும் மெஹ்ரியின் படுக்கையில் அவளருகே போய்ப் படுத்துக்கொள்கிறாள் மர்ஜி.

இந்நாவலின் உயிர்நிலை அந்தச் சித்திரத்தில்தான் இருக்கிறது என்போம். தந்தையின் உடன்பிறந்தவரான அனூஷ் கொல்லப்படும் இடம் நம்மைக் கலங்கச் செய்கிறது. அங்கே குற்றவாளி அரசு. இங்கோ குற்றவாளி நல்லவர். நம்மைப் போல் நூல்கள் படிப்பவர். அதனாலேயே இப்பக்கங்களை விரைந்து புரட்டிவிடுகிறோம்.

'துணைப்பாத்திரம்தானே, அதுவும் படக்கதையில்!' என்று தமிழ் கற்றோர் ஒதுக்கக்கூடும். தோழியைத் துணைப்பாத்திரமென்று ஒதுக்கினால் அகப்பாடல்களில் எஞ்சுவது என்ன? இங்கே எசமானின் மகள் தோழியாகிறாள், வேலைக்காரி தலைவியாகிறாள். அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது தொல்காப்பிய அகத்திணையியல் என்பர் உரையாசிரியர். அந்தத் தந்தை வழங்கிய தீர்ப்பும் அதுவே. நாம் வகுப்பறையில் கற்பிக்கும் இலக்கணம் மறுத்த இடத்தை ஒரு சிறுமி மெஹ்ரிக்கு அளிக்க முயன்றாள்.

வேலைக்காரப் பெண் தங்களோடு அமர்ந்து உண்பதில்லை என்பதை நூலின் தொடக்கத்திலேயே மர்ஜி குறித்துவிடுகிறாள். இங்கே தேங்காய்த்திட்டிலிருந்து நகரத்து வீடுகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களுக்குத் தேநீர் எந்தக் குவளையில் தரப்படுகிறது என்பதை நாம் அறிவோம். ஈரானுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. மெஹ்ரியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் அடுக்களையைப் பற்றியும் பேச வேண்டிவரும். அடுத்த கூட்டத்தில் அதையே பேசுவோம்.